ஆம், நான்தான்

இந்த வார விளையாட்டு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது திரை.

மரியநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதேதான்.

அவர் எடுக்கவில்லை. இப்போதுதான் வந்து உட்கார்ந்தார்.

அது மகன் பிராண்டனின் கணினி, அவனுடைய கணக்கு. இணையத்தில் விளையாட்டுகள் விற்கும் அந்தக் கடை வாரத்துக்கு ஒன்றை இலவசமாகக் கொடுக்கும். அந்த வாரமே எடுத்துக்கொள்ளாவிட்டால் போச்சு. வெளிநாட்டு வேலைக்குப் போன மகன் திரும்பி வந்து விளையாடட்டும் என்று, சுங்கை வே ஃபிளாட்டில் பூட்டிக் கிடந்த அவன் அறையைத் திறந்து, வெள்ளிக்கிழமைதோறும் அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

விமானம் இறங்கியதும் பிராண்டன் போன் செய்தான். அதோடு சரி. ஈஸ்டர் போய் கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது.

எடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. 'விதிமுறைகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். அவர் ஒருநாளும் படித்ததில்லை. ஞானஸ்நானத்தின்போது கைக்குழந்தைக்காக ஞானத்தந்தை 'விசுவசிக்கிறேன்' என்று பதில் சொல்வதில்லையா, அதுபோல மகனுக்காக அவர் சம்மதித்துக்கொண்டே வந்தார்.

திரையில் இன்னொரு பெட்டி எழுந்தது.

'புதிய இடத்திலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள். அது நீங்கள்தானா?'

கீழே ஓர் ஊரின் பெயர். எழுத்துக்கூட்டிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை.

அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம், நான்தான்.' 'இல்லை, வெளியேற்று.'

"எவலின்!"

கிளினிக் சீருடையில், ஈரத் தலையோடு மகள் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஹேக்கர் டேடி. 'இல்லை'ய அமுத்துங்க லா. அண்ணன் கார்டு நம்பர், நம்ம அட்ரஸ் எல்லாம் இதுல இருக்கு."

"பாஸ்வர்டு அவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவள் குனிந்து திரையை மறுபடி படித்தாள்.

கடவுச்சொல்லைப் பிராண்டன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட. கணினி கணக்குக்குள் நுழைந்த நிலையிலேயே கிடந்ததால்தான் அவரால் இத்தனை நாள் தொட முடிந்தது.

அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பது அவன்.

அல்லது, அவனைச் சொல்ல வைத்தவர்கள்.

"அமுத்தாதீங்க. நான் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், போலீஸ்ல போய்க் காட்டிட்டு அப்புறமா..." என்றாள் எவலின்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு தேய்ந்துகொண்டே வந்தது. பதில் வராவிட்டால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. பூட்டிக்கொண்டால், அந்தப் பக்கம் இருப்பது யாராக இருந்தாலும் இருட்டில் நிற்பான்.

மரியநாயகம் 'ஆம், நான்தான்' என்பதை அழுத்தினார்.

பெட்டி மறைந்தது. எதுவும் நடக்கவில்லை. வெளியே ஒரு லோரி பின்னால் நகரும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எவலின் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

பிறகு அவளுடைய போன் அதிர்ந்தது. பிராண்டனின் விளையாட்டுக் கணக்கிலிருந்து ஒரு செய்தி.

'கச்சாங், இந்த கேம் உனக்கும் ஃப்ரீ. வயசு செக் பண்ணுவாங்க. டேடி ஐசி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. டேடி முகமும் வேணும். சீக்கிரம் லா.'

கச்சாங். கடலை. குறை மாதத்தில் பிறந்து உள்ளங்கைக்குள் கிடந்த தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர். இந்த வீட்டுக்கு வெளியே அப்படி ஒரு பெயர் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

"அண்ணந்தான்! டேடி, அண்ணந்தான் இது!"

அவருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எருமை, எங்கடா இருக்க' என்று திட்டிக்கொண்டே பதில் எழுதத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. செய்தியை மறுபடி மேலிருந்து, அடையாள அட்டை கேட்ட வரிவரை படித்தாள்.

"எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கேமுக்கு எதுக்கு டேடி உங்க ஐசி?"

போன மாதம் அவர் செந்தூலுக்குப் போய் யுகேந்திரன் என்பவனைப் பார்த்துவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது. பிராண்டன் போனதைப் போன்ற வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தப்பி வந்தவன் அவன். பேசி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

அங்கே எல்லாருக்கும் முன்னால் ஒரு கணினி இருக்கும் என்றான். ஒரு நாளைக்கு ஒரு ஆளையாவது ஏமாற்றிச் சிக்க வைக்க வேண்டும் என்றான். யாரும் சிக்காத நாளில் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டபோது, வாயால் சொல்லாமல் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான்.

கடைசியில்தான் அதைச் சொன்னான். "வெளியாளு எவனும் மாட்டலன்னாதான் அங்கிள், சொந்த வீட்டுல கை வைப்போம்."

"டேடி, அனுப்பாதீங்க," என்றாள் எவலின். "எனக்கு பயமா இருக்கு."

மரியநாயகம் சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்தார். அதன் முகப்பை வேட்டியில் ஒருமுறை துடைத்தார்.

"இங்க வெளிச்சம் பத்தாதும்மா," என்றார். "ஜன்னல் பக்கம் வா."