கிட்னித் திருடன்

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான் மேடம்," என்று பையை மேனேஜரின் மேசைமேல் வைத்தார் இறைச்சி ஆய்வாளர்.

பைக்குள் பனிக்கட்டி, அதற்கு நடுவே பன்றிக் கிட்னிகள். தண்ணீர் கசிந்தது. மேனேஜர் அம்மா காகிதங்களை அவசரமாக நகர்த்தினார்.

கதவோரம் ரப்பர் பூட்ஸோடு நின்றார் நெட்டை. இறைச்சிக் கூடத்தில் வயிற்றைக் கீறிக் குடல் எடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடம் குனிந்ததில் பட்டப்பெயர் மட்டும்தான் இன்னும் உயரமாக இருந்தது. வாசல் காவலாளி பையைத் திறக்கச் சொன்னதில் சிக்கிக்கொண்டார்.

"வீட்டுல விருந்தா, இல்ல கடைக்கா?" என்றார் ஆய்வாளர்.

"இதை யாரு சார் தின்பாங்க?"

நெட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது மெழுகு போல வெளுத்து, இரண்டு மடங்கு வீங்கி, மேலே சொரசொரவென்று இருந்தது.

"தீவனத்துல பூஞ்சை மேடம். சோளத்தை ஈரத்தோட மூட்டை கட்டி, அப்படியே அரைச்சிருக்காங்க. அந்த விஷம் நேரா கிட்னியைப் பிடிக்குது. பன்னி ஓயாம தண்ணி குடிக்குது, குடிச்சதை அப்படியே பெய்யுது. உடம்பு தேறாது. அப்புறம் ஒவ்வொண்ணா படுத்துடும்."

"டாக்டர் சொல்லிட்டார், கேட்டுக்குங்க," என்றார் ஆய்வாளர்.

"ஆய்வகத்து டாக்டர் சொன்னதுதான் சார்."

"யார் பண்ணை?" என்றார் மேனேஜர்.

"வண்டியைத் தானே ஓட்டிட்டு வருவாங்களே ஒரு அம்மா, அவங்களுது. இன்னும் நாலு பண்ணையிலயும் அதே ஆலைத் தீவனம்தான். 'உன் கொட்டகை சுத்தமில்ல, அதான் சாகுது'ன்னு ஆலைக்காரங்க அந்தம்மாவைத் துரத்திட்டாங்க. புதைக்க இடமில்லாம பழைய குழியையே திரும்பத் தோண்டுறாங்க மேடம். ஆய்வகத்துல போய்க் கேட்டோம். ஒண்ணு ரெண்டு பத்தாது, ஆறு வாரம் தொடர்ந்து கொண்டாங்க, அப்பதான் தீவனம்தான் காரணம்னு எழுதித் தர முடியும்னாங்க. இது கடைசி வாரம்."

"அந்தம்மா உனக்கு என்ன உறவு?" ஆய்வாளர் உதட்டோரம் சிரித்தார்.

"ஒரு உறவும் இல்ல சார். தினம் வயித்தைக் கீறுறவன் நான். கண்ணுல பட்டுத் தொலையுதே."

"பட்டா என்கிட்ட சொல்லணும்."

"சொன்னேனே சார். 'அறுக்கறது உன் வேலை, பார்க்கறது என் வேலை'ன்னீங்க."

மேனேஜரின் முகம் கொஞ்சம் இளகியது. எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை. "காரணம் என்னவா இருந்தா என்ன மேடம்? திருட்டு திருட்டுதான். ஆறு வாரத்துல அறுபத்து நாலு பன்னி. என் மேடைக்கு வர்றதுக்கு முன்னாலயே கிட்னியை உருவிடறான். ஒத்தைக் கிட்னி கூட விட்டு வைக்கல. எந்தெந்த நம்பர் பன்னின்னு இவனே சீட்டு எழுதி வச்சிருக்கான், பாருங்க. இவனை வேலையை விட்டுத் தூக்கினாத்தான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்."

சீட்டை வாங்கிக்கொண்டார் மேனேஜர். சோதனைப் பதிவேட்டை எடுத்து, நம்பர் நம்பராக ஒத்துப் பார்த்தார். கடைசி நம்பர் வந்ததும் நிமிர்ந்தார்.

"சார், இந்த அறுபத்து நாலுக்கும் 'ரெண்டு கிட்னியும் பார்த்தேன், நலம்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா, தினம் போடறதுதானே..."

"இல்லாத கிட்னியை எப்படி சார் பார்த்தீங்க?"

ஆய்வாளர் எட்டிப் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை மெதுவாகப் பக்கத்தின் அடிக்கு நகர்த்தினார்.

"கீழே 'சரிபார்த்தேன்'னு உங்க கையெழுத்தும் இருக்கு மேடம்."

மேனேஜர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் நெட்டை, "ஆய்வகத்தை நாலு மணிக்கு மூடிடுவாங்க. பையைக் கொடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் என்ன வேணா எழுதிக்குங்க."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இந்தப் பதிவேட்டுல எந்தெந்த உறுப்புக்குக் கட்டம் இருக்கு சார்?"

"நுரையீரல், இதயம், கல்லீரல், மண்ணீரல், கிட்னி."

"வாலுக்கு?"

"வாலுக்கு இல்ல மேடம்."

மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"பையைக் கொண்டுபோய் எரிச்சிடுங்க. இவர் திருடினது அறுபத்து நாலு வால்."