கங்கைத் தண்ணி

"அந்த இந்து நர்ஸை இந்தத் தீவை விட்டே அனுப்பணும் ஃபாதர். நாப்பத்திரெண்டு கையெழுத்து வாங்கியாச்சு. நீங்களும் போட்டா மனு நாளைக்குக் கப்பல்ல சுவா ஹெல்த் ஆபீசுக்குப் போயிடும்."

பெத்தேரோ மனுவை ஃபாதர் வீட்டுப் பாயின் மேல் வைத்தான். பக்கத்திலேயே, பிஜி வழக்கப்படி, காணிக்கையாக யங்கோனா வேர்க்கட்டை வைத்து உள்ளங்கைகளைத் தட்டினான். ஃபாதர் அந்த வேரைத் தொட்டுவிட்டால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம். ஃபாதர் அதைத் தொடவில்லை.

பெத்தேரோவின் மனைவி லோசேனா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிறந்ததும் இறந்ததும் ஒரே நாள். இன்றோடு ஐந்து நாள். அவள் அழவுமில்லை, யாரிடமும் பேசவுமில்லை. பால் கட்டி மார்பு கனத்தது. அந்த வலிகூட வேறு யாருக்கோ வலிப்பது போலத்தான் இருந்தது.

"நர்ஸம்மா அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"புயலன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்னேன். கண்ணாடி இடுக்குல பாத்தேன். இவ மயங்கிக் கிடக்கா. அந்தம்மா செம்புல தண்ணியெடுத்து என் பிள்ளை தலையில விட்டு என்னமோ முணுமுணுக்குது. அவங்க ஆளுங்க சாகப்போறவங்களுக்குக் கங்கைத் தண்ணி விடுவாங்கல்ல? கடைசி நிமிஷத்துல என் பிள்ளைய இந்துவாக்கிடுச்சு ஃபாதர்."

"அவங்க பிரார்த்தனையும் மேலதான் போகுது பெத்தேரோ."

"தீபாவளிக்குக் கோயில் பண்டிட் வீட்டுல நீங்க லட்டு சாப்பிடுவீங்க. ஈஸ்டருக்கு அவரு இங்க வந்து டீ குடிப்பாரு. அதுக்குப் பேரு நல்லிணக்கக் கூட்டம். இது என் பிள்ளை."

எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் ஃபாதர். மனுவை எடுத்துப் படித்தார்.

"எல்லாம் இருக்கு, அவங்க பேரைக் காணோமே?"

"பேரு யாருக்குத் தெரியும்? பதினோரு வருஷமா நர்ஸம்மான்னுதானே கூப்பிடறோம்."

நர்ஸம்மாவைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார் ஃபாதர்.

லோசேனா ஜன்னல் வழியே கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தாள். வேலிக்கு உள்ளே வெள்ளைச் சிலுவைகள். வேலிக்கு வெளியே, ஈரப்பலா மரத்தடியில், ஒரு முழ நீள மண்மேடு. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை உள்ளே புதைக்கக் கூடாது என்பது ஊர்ப் பெரியவர்களின் பழைய வழக்கம். ஆற்று வெள்ளத்தில் ஃபாதர் நான்கு நாள் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கடவுளோட இரக்கத்துக்கு வேலி கிடையாது" என்று அவர் வந்ததும் பெரியவர்களிடம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். மண்வெட்டியைத்தான் யாரும் எடுக்கவில்லை. 'பெத்தேரோ மகள்' என்று எழுதிய பலகை அங்கேயே நின்றது.

மகளுக்கு ஒரு பெயர் இருந்தது. பிரசவ வலிக்கு நடுவே நர்ஸம்மா குனிந்து, "என்ன பேரு வைக்கப்போறே?" என்று கேட்டாள். ஏதோ ஃபாரத்தில் எழுதக் கேட்கிறாள் என்று நினைத்து லோசேனா காதோடு சொன்னாள். அந்தப் பெயர் பெத்தேரோவுக்குக்கூடத் தெரியாது. இனி தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நர்ஸம்மா வந்தாள். பாயில் உட்காராமல் வாசற்படி ஓரமாகவே நின்றாள்.

"பிள்ளை மேல தண்ணி விட்டீங்களாமே?"

"ஆமா ஃபாதர். தப்புன்னா மன்னிச்சிடுங்க. என்னை மாத்தினாலும் போயிடறேன்."

"கேட்டீங்களா!" என்று துள்ளினான் பெத்தேரோ.

"சும்மா இரு. என்ன தண்ணி அது?"

"குழாய்த் தண்ணிதான். காய்ச்சி ஆறவச்சது."

"என்ன முணுமுணுத்தீங்க?"

நர்ஸம்மா லோசேனாவைப் பார்த்தாள். "மயங்கறதுக்கு முன்னாடி 'ஃபாதரைக் கூப்பிடு, ஃபாதரைக் கூப்பிடு'ன்னு கத்துச்சு இந்தப் பொண்ணு. அந்த வெள்ளத்துல நான் யாரைக் கூப்பிட? கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணினது எனக்கும் ஒட்டிக்கிச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, பிஜி மொழியில், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "தெரேசியா, பிதாவின் பெயராலும் சுதனின் பெயராலும் பரிசுத்த ஆவியின் பெயராலும் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பெயரைக் கேட்டதும் லோசேனா சுவரை விட்டு முன்னால் நகர்ந்தாள்.

"அப்ப பிள்ளைக்கு உயிர் இருந்துச்சா?" ஃபாதரின் குரல் இறங்கிவிட்டது.

"இருந்துச்சு ஃபாதர். தண்ணி பட்டதும் கண்ணைத் திறந்து பாத்துச்சு."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"இந்துக்காரி கை பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்களோன்னு பயம்."

பெத்தேரோ ஃபாதர் பக்கம் திரும்பினான். "இந்து கொடுத்தா... அது செல்லுமா ஃபாதர்?"

"சாகற பிள்ளைக்கு யார் கொடுத்தாலும் செல்லும். நான் சொல்லலை, திருச்சபைச் சட்டம் சொல்லுது. தெரேசியாவை இன்னிக்கே வேலிக்கு உள்ளே கொண்டுவருவோம்."

ஃபாதர் எழுந்து அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார்.

பெத்தேரோ வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்துபோய் நர்ஸம்மாவின் காலடியில் வைத்துத் தலைகுனிந்தான்.

ஃபாதர் எழுதினார். குழந்தையின் பெயர். பெற்றோர். நாள். 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

லோசேனாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஐந்து நாளில் முதல்முறையாக அவள் வாய் திறந்தாள்.

"அக்கா, உங்க பேரு என்ன?"