சுவரில் ஒரு வெள்ளம்

எண்பத்திரண்டா, எண்பத்து மூன்றா, சரியாக நினைவில்லை. பரளச்சிப் பக்கம் மூன்றாவது ஆண்டாக மழை பொய்த்திருந்தது.

அதுவரை கடைப் பலகைகள் எழுதிவந்த தங்கையா, மாதா கோயில் சுவரில் நோவா காலத்து வெள்ளத்தை வரைந்து முடித்தான். அவன் வரைந்த முதல் படம்.

"பாவம் செஞ்சா இந்தக் கதிதான்னு சனங்க பயப்படணும். இல்லேன்னா சுண்ணாம்படிச்சு அழிச்சிருவேன்" என்றார் சாமியார்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரே படத்தின் முன் முழங்காலிட்டு அழுதது.

"பயந்துட்டாக. படம் இருக்கட்டும்" என்றார் சாமியார்.

வெளியே வந்த அருளாயியிடம் தங்கையா கேட்டான். "அம்புட்டுப் பயமாவா இருக்கு?"

"பயம் என்னண்ணே பயம். அந்த மழையில பாதியாச்சும் எங்களுக்குக் குடு ஆண்டவரேன்னுல்ல அழுதோம்."

தங்கையா இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டும் மழை இல்லை. சாமியார் மாற்றலாகிப் போனார். அருளாயி குடும்பத்தோடு திருப்பூர் போனாள். தங்கையா மறுபடி கடைப் பலகை எழுதினான். வெள்ளம் சுவரிலேயே இருந்தது.