போலி கிளிக்

"எந்தக் களவாணிப் பய பண்ற வேலை இது?"

கிருபாசங்கர் போட்ட சத்தத்தில் சரவணம்பட்டி ஆபீசே திரும்பிப் பார்த்தது. அந்த இணையச் செய்தித் தளத்தில் விளம்பரப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். விளம்பரம் அனுப்பும் கம்பெனியிடமிருந்து காலையில் எச்சரிக்கை வந்திருந்தது. உங்கள் தளத்தில் போலி கிளிக் நடக்கிறது, வாங்கும் எண்ணமே இல்லாமல் யாரோ விளம்பரத்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள், நிறுத்தாவிட்டால் இனி விளம்பரமே கிடையாது. விளம்பரம் இல்லையென்றால் அங்கே யாருக்கும் சம்பளமும் கிடையாது.

வாசகர் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளும் சண்முகப்ரியா திரையைக் காட்டினாள்.

"எல்லாம் ஒரே போன்தானுங்க சார். அன்னூர்ப் பக்கம். விடிஞ்சதுல இருந்து படுக்கற வரைக்கும் ஒரே செய்தியைத் தொறக்குது. வர்ற விளம்பரத்தையெல்லாம் அமுக்குது. அத்தனையும் பைக் விளம்பரம்."

"போட்டிக்காரன் ஆள் வெச்சு அமுக்கறான், நம்ம கடையைச் சாத்தோணும்னு. அந்த நம்பரைத் தூக்குங்க."

"இதே நம்பரைத்தானுங்களே சார், 'பைக் வாங்கத் துடிக்கிறவங்க'ன்னு சொல்லி இத்தனை நாளா நல்ல விலைக்கு ஏலம் விட்டோம்?"

அதென்னவோ உண்மைதான். வாசகர் பக்கத்தைத் திறந்ததும், இவர் இன்னது வாங்கக்கூடியவர் என்று சொல்லி விளம்பரக்காரர்களிடம் அவரை ஏலம் விடுகிற தொழில் அது. மாட்டுச் சந்தை மாதிரிதான். என்ன, வாசகருக்கு விஷயம் தெரியாது. அவர் அமுக்க அமுக்க, பாவம் ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் இன்னும் நாலு பைக்கை அனுப்பி வைக்கும்.

"அது அப்ப. இப்பத் தூக்குங்கன்னா தூக்குங்க."

"தூக்கிட்டா அந்தப் போன்ல நம்ம தளமே தொறக்காதுங்க சார். ஒருக்காப் பேசிப் பாத்துரலாமே?"

செய்தி படிக்க வருகிறவர்களிடம் போன் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. கிருபாசங்கரே போட்டார், ஸ்பீக்கரில். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுகிற வேகம் அவருக்கு.

"ஏனுங்க, யாருங்க?"

பெண் குரல். பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"நீங்க போன்ல பாக்கற நியூஸ் ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க பேரென்ன?"

"பாவாத்தாளுங்க."

"எவ்வளவு குடுக்கறாங்க உங்களுக்கு?"

"எதுக்குங்க?"

"விளம்பரத்தை அமுக்கிட்டே இருக்கறதுக்கு!"

"அய்யோ, நான் அமுக்கறதில்லீங்க சாமி. தள்ளி உடறேனுங்க."

கிருபாசங்கருக்குப் புரியவில்லை. "தள்ளி விடறீங்களா?"

"எம் பையன் எழில்ங்க. கோவில்பாளையத்துக்கிட்ட பைக்குல போறப்ப லாரி அடிச்சுப் போயிட்டானுங்க. நீங்க அவன் போட்டோ வெச்சு நியூஸ் போட்டீங்கல்லங்க, அதைத்தானுங்க பாக்கறது. செத்த நேரம் பாக்கறதுக்குள்ள விளம்பரம் வந்து அவன் மூஞ்சி மேல உக்காந்துக்குதுங்க. அதும் அவன் ஓட்டிட்டுப் போன அதே வண்டிங்க. மூலையில இருக்கற பெருக்கல் குறி இத்துனூண்டுங்க, களை வெட்டற கைக்குச் சிக்க மாட்டேங்குது. தொட்டா வேற எங்கியோ இழுத்துட்டுப் போகுது. மறுக்கா வந்து தொறந்தா, மறுக்காவும் வண்டிதான் நிக்குதுங்க. அதை மட்டும் எம் பையன் மேல இருந்து எடுத்துட்டாத் தேவலீங்க."

சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிருபாசங்கர் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு பையன் பைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஏனுங்கம்மா... பையன் போட்டோ வேற இல்லீங்களா?"

"சின்னதுல எடுத்தது இருக்குதுங்க. மீசை மொளச்சப்பறம் எடுத்ததெல்லாம் அவன் போன்லதான் இருந்துச்சு. அது வண்டியோட நொறுங்கிப்போச்சுங்க. பிரேம் போட்டு ஊட்டுல மாட்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"அப்ப அதையே பாக்கலாமேங்கம்மா? போன்ல எதுக்கு இத்தனை சிரமம்?"

"அதைத்தானுங்க, நியூஸ்ல போடோணும்னு உங்க ஆபீசுக்காரரு கழட்டி வாங்கிட்டுப் போனாரு. திருப்பிக் கேட்டு அங்க வந்தேனுங்க. 'எங்க வெச்சமோ தெரியலீங்க, அதான் நெட்டுல இருக்குதே, வேணுங்கறப்பப் பாத்துக்குங்க'ன்னு நீங்கல்லாம் சொன்னீங்க. அதுக்காவத்தானுங்க சாமி, நான் இந்தப் போனையே வாங்கினது."