போசா படகில் மம்பா மீன்

போசா அண்ணன் படகுல ஒரு வாளி. வாளிக்குள்ள மம்பா மீன். உயிரோட நெளியுது.

"எல்லாரும் வந்து பாருங்கய்யா!" எங்க படகுத்துறைத் தலைவர் முபிரு, தன் அடையாளமா மஞ்சள் துணி கட்டின துடுப்பை ஆட்டி ஆட்டிக் கத்தினார். "மம்பா குலத்துல பொறந்துட்டு மம்பாவையே பிடிக்கிறான்! நாளைக்கு அப்பனையே வறுப்பான்!"

துறையே கூடிடுச்சு.

எங்ககிட்ட குலத்துக்கு ஒரு பிராணி. சொந்தக் குலத்துப் பிராணியைக் கொல்லக்கூடாது, தின்னக்கூடாது. என் குலத்துக்கு வெட்டுக்கிளி. நவம்பர் வந்தா நாடே அதை வறுத்துக் கொறிக்கும். நான் மட்டும் வாசனை பிடிச்சுட்டு நிப்பேன். என் கஷ்டம் எனக்கு.

முபிருவும் அதே மம்பா குலம். அதான் கோபம் டபுள்.

"என்னண்ணே இது?"ன்னு கேட்டேன்.

"நான் திங்கலை"ன்னார் போசா. அவ்வளவுதான். வாயைத் திறந்தா வரி போடுவாங்கன்னு பயப்படற மனுஷன்.

"திங்கலைன்னா? கல்யாணம் கட்டிக்கப் போறியா?" முபிரு விடலை.

கூட்டம் சிரிச்சுது. முபிரு குரலை ஏத்தினார்.

"குலத்தைத் தின்னவன் இருக்கிற தண்ணில செருப்பு மூக்கன் நிக்குமா? அதான் ஓடிப்போச்சு! இன்னியோட இவன் படகு இந்தத் துறையில கிடையாது!"

யாரும் சிரிக்கலை.

செருப்பு மூக்கன்னா பறவை. சாம்பல் கலர், முக்கால் ஆள் உசரம், செருப்பைக் கவுத்து ஒட்டின மாதிரி மூக்கு. உகாண்டாவுல அதைப் பார்க்கணும்னுதான் எங்கெங்கிருந்தோ எங்க துறைக்கு வர்றாங்க. கொஞ்ச காலமா அது கண்ணுல படலை. வந்தவங்க நாணலைப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பறாங்க. பாதிப் படகு கரையில காயுது.

என் படகுல ஜெர்மன்காரம்மா ஹில்டா, கழுத்துல பைனாகுலரோட ரெடியா உட்கார்ந்திருந்தாங்க. சாயங்காலம் அவங்களுக்கு விமானம்.

"என்ன சண்டை?"

"மீன் சண்டைம்மா. பார்க்கக் கட்டணம் இல்லை."

போசா வாளியை மூடினார். "படகைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் பின்னாடி வாங்க. சத்தம் போடாம."

"வர்றேன்டா! எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கிற அடுப்பைக் காட்டப்போறே, அவ்வளவுதானே?" முபிரு தன் படகுல குதிச்சார்.

எங்க படகும் கூடவே போச்சு. ஓசியில வேடிக்கைன்னா நான் விடுவேனா?

நாணல் ரெண்டு பக்கமும் முகத்துல அறைஞ்சுது. கடைசியில ஒரு சின்னக் குட்டை. நடுவுல, கடன்காரனைப் பார்த்த மாதிரி எங்களை முறைச்சுக்கிட்டு...

செருப்பு மூக்கன்!

முபிரு கையிலிருந்து துடுப்பு நழுவிடுச்சு. ஹில்டாம்மா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"எறக்கையில தூண்டில் முள் ஏறிக் கிடந்துச்சு"ன்னார் போசா. "பறக்க முடியலை, வேட்டைக்குப் போக முடியலை. வேற மீன் போட்டுப் பார்த்தேன். மூஞ்சியைத் திருப்பிக்குது. அதுக்கு மம்பாதான் வேணுமாம்."

"அப்போ குலம்?"ன்னார் முபிரு.

"ஒவ்வொரு தடவையும் மீன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். சொந்தக்காரன்தானே, புரிஞ்சுப்பான்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணே! நாங்க என்ன ஏச்சு ஏசினோம்!"

அவர் வாளியைத் திறந்தார். மீனை எடுத்து வீசினார். 'லபக்!' பறவை தலையைத் தாழ்த்தி, மூக்கால 'டக டக டக'ன்னு தட்டுச்சு.

"ரெண்டு நாளா எறக்கையை விரிச்சு விரிச்சுப் பார்க்குது"ன்னு கிசுகிசுத்தார். "இன்னிக்கு..."

அவர் முடிக்கலை. அது எறக்கையை விரிச்சுது. ஒரு எட்டு, ரெண்டு எட்டு, தண்ணியைச் சிதறடிச்சு எழும்புச்சு! என் தலைக்கு மேலயே போச்சு. அந்தக் காத்துல என் தொப்பி குட்டையில விழுந்துடுச்சு. போனா போகட்டும்!

"பறக்குதுடா! டேய், பறக்குதுடா!" யார் கத்தினதுன்னு பார்த்தா, நான்தான்.

ஹில்டாம்மா கேமராவையே மறந்துட்டு அழுதாங்க. பறவை துறைக்கு மேல ஒரு வட்டம் போட்டுது. கரையில மீன் விக்கிற பொம்பளைங்க போட்ட குலவை குட்டை வரைக்கும் கேட்டுது.

நாங்க திரும்பி விஷயத்தைச் சொன்னதும் போசாவைத் தோள்ல தூக்கிட்டாங்க. இறக்கி விட்டதும் முபிரு கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தார்.

"மன்னிச்சிடுப்பா!" துறை முழுக்கக் கேட்கிற குரல்ல சொன்னார். "பறவை நிக்கிற இடத்துல எந்தப் பாவி முள் போட்டான்? கண்டுபிடிச்சு, அவனைத் துறையை விட்டே துரத்தறேன், பாரு!"

கைதட்டல்.

போசா அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "விடுங்க தலைவரே. முள்ளை எடுத்தாச்சு. பறவையும் பறந்தாச்சு."

குலுக்கின கையிலேயே என்னத்தையோ வெச்சு, தலைவரோட விரலை மெதுவா மடக்கி விட்டார். பக்கத்துல நின்ன எனக்கு மட்டும் தெரிஞ்சுது.

மம்பா பிடிக்கன்னே போடற பெரிய தூண்டில் முள். அதோட வால்ல ஒரு மஞ்சள் துணி முடிச்சு.