எதிர்ப் பட்டறைக்காரன்

"எலியாவது, கடிக்கிறதாவது! நேரியோ சொல்றது சுத்தப் பொய்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் கிளப் ஆட்கள் பத்துப் பேர் முன்னால் என் பட்டறையில் நின்று இப்படிக் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? வயிறு எரிந்தது.

இத்தாலியில் மொதெனா ஊரில், எங்கள் தெருவில் இரண்டு கார் பட்டறைகள். இந்தப் பக்கம் என்னுடையது, பதினெட்டு வருஷமாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் நேரியோவுடையது, வந்து மூன்று வருஷம்தான். அதற்குள் ஸ்போர்ட்ஸ் காரோ, எஸ்யூவியோ, எது மக்கர் பண்ணினாலும் அவன் வாசலில்தான் போய் நிற்கிறது. என் வாசலுக்கு டயரில் காற்றடிக்க வருகிறார்கள்.

"அவருக்குக் கைராசிங்க," என்பாள் என் மனைவி ஒர்னெல்லா.

"கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் வாய்!" என்பேன்.

எனக்கென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கிளப்காரர்கள் வருஷா வருஷம் முப்பது கார்களில் மலைக்குப் போவார்கள். வழியில் எது நின்றாலும் பார்க்க, பின்னாலேயே வேனில் போகிற மெக்கானிக் நான்தான். பன்னிரண்டு வருஷமாக நான்தான். இந்த வருஷம், 'நேரியோவைக் கூப்பிட்டால் என்ன?' என்று யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். முடிவு இன்றைக்கு.

எல்லாம் கிளப் தலைவி, பல் டாக்டர் லவீனியாவின் சிவப்புக் காரால் வந்தது. போன வாரம் மலை வளைவில் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னி, வைப்பர் தானாக ஆடி, என்ஜின் பொசுக்கென்று நின்றுவிட்டதாம். அந்த வழியாக வந்த நேரியோ கட்டி இழுத்துப் போய், அரை மணி நேரத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிட்டான்.

இத்தனைக்கும், பத்து நாள் முன்னால் அந்தக் காரின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவன் நான்! என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்?

"எலி ஒயரைக் கடிச்சிருந்துச்சாம் இவானோ, ஒட்டுப் போட்டுட்டேன்னார்," என்றார் லவீனியா.

"எலி கடிச்சா எல்லாம் சேர்ந்தா ஆடும் டாக்டர்? காரை லிஃப்ட்ல ஏத்துறேன். அந்த ஒட்டை எல்லாரும் பார்ப்போம். ஒட்டு இல்லேன்னா அவன் ஏமாத்துக்காரன். மலைக்கு யார் வரணும்னு அப்புறம் சொல்லுங்க."

நேரியோவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையில் காபிக் கோப்பையோடு வந்தான்.

"வண்டிதான் ஓடுதே இவானோ, விடேன்," என்றான் மெதுவாக.

"ஏன், பயமா இருக்கா?"

அவன் காபியை ஒரு வாய் குடித்தான். எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

காரைத் தூக்கினேன். டார்ச்சை வைத்துக்கொண்டு ஒயர் ஒயராகத் தடவிக் காட்டினேன்.

"பாத்துக்கோங்க! ஒட்டு எங்கே? எலிப்பல் பட்ட தடம்கூட இல்ல!"

எல்லாரும் முணுமுணுத்தார்கள். லவீனியாவின் முகம் மாறிவிட்டது.

"என்ன நேரியோ இது?"

நேரியோ தரையைப் பார்த்தான். "மன்னிச்சிருங்க டாக்டர். மலைக்கு இவானோவே வரட்டும்."

அப்பாடா! மூன்று வருஷ எரிச்சல் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கியது. காரை இறக்குமுன், கடைசியாக ஒருமுறை கியர்பாக்ஸ் பக்கம் டார்ச்சைத் திருப்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் பெயின்ட் பேனாவால் அடையாளம் வைப்போம். முறுக்கியாச்சு என்று அர்த்தம். நான் பச்சையில் கோடு போடுவேன். நேரியோ மஞ்சளில் புள்ளி வைப்பான்.

கியர்பாக்ஸைச் சுற்றி எல்லா நட்டிலும் என் பச்சைக் கோடு இருந்தது. பேட்டரியின் எர்த் ஒயரைப் பிடிக்கிற நட்டில் மட்டும் கோடு இல்லை. புள்ளி இருந்தது. பச்சைப் புள்ளி.

நட்டைச் சுற்றி இரும்பு கருகியிருந்தது. லூசாக இருந்து பொறி பறந்தால்தான் அப்படிக் கருகும். எர்த் லூசானால் விளக்கு, வைப்பர், என்ஜின் எல்லாம் சேர்ந்துதான் ஆடும்.

அப்போதுதான் நினைவு வந்தது. கியர்பாக்ஸை ஏற்றிய அன்றைக்கு மத்தியானம், "தொர்த்தெல்லினி சூப்பு ஆறிப்போகுது, வாங்க!" என்று ஒர்னெல்லா கூப்பிட்டாள். அந்த நட்டை விரலால் நாலு திருகு திருகிவிட்டுப் போனேன். சாப்பிட்டு வந்து, ஸ்பானரை எடுக்காமலே காரை இறக்கிவிட்டேன்.

அந்த நட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால், பிற்பாடு எந்த மெக்கானிக் பார்த்தாலும் இவானோ விட்ட நட்டு இது என்று தெரிந்துவிடும். அதற்காக நேரியோ கடைக்குப் போய்ப் பச்சைப் பேனா வாங்கி வந்திருக்கிறான், பாவி. கைப்பழக்கத்தில் கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தேன். என் டார்ச் எங்கே நிற்கிறதென்று நேரியோவும் பார்த்துவிட்டான். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினான்.

வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு காரை இறக்கியிருந்தால் போதும், பதிமூன்றாவது வருஷமும் வேன் எனக்குத்தான்.

"இறக்கிடுங்க இவானோ," என்றார் லவீனியா. "அவர் சொன்னது பொய்னுதான் தெரிஞ்சு போச்சே."

"ஆமாங்க டாக்டர், பொய்தான்," என்றேன். "உங்களை நடு மலையில நிறுத்தினது நான்தான்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்ன பொய்."