சந்தனம் பார்த்த நாடுகள்

சந்தனம் என்கிற சோப்பு, அதியனின் முதுகுப்பையில் ஏறி வெளிநாடு சுற்றப் போனது. அதியன் கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு, மலிவு விடுதிகளில் எட்டுப் பேரோடு படுத்துப் பதினாறு மாதம் ஊர் ஊராக அலைந்தான். குளிப்பது அபூர்வம் என்பதால் அவனுக்கு ஒரே சோப்பு போதுமாக இருந்தது.

புறப்படும்போது சந்தனத்துக்கு ஏகப்பட்ட கௌரவம். "முகத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன்" என்றது. லாவோஸில் அதியனின் சாக்ஸைத் துவைக்க நேர்ந்தது. மூச்சு முட்டினாலும் உயிர் போகவில்லை. ஜார்ஜியாவில் முட்டை பொரித்த வாணலியைத் தேய்த்தது. துருக்கியில் விடுதிக்காரரின் நாயைக் குளிப்பாட்டியபோது நுரை பொங்கச் சிரித்தது.

வீடு திரும்பினால், குளியலறையில் வேம்பு என்கிற புதுச் சோப்பு பச்சைப்பசேலென்று தடியாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, பயணம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப வளர்ந்துட்டேன் தம்பி."

வேம்பு சுற்றுமுற்றும் தேடியது. "எங்கண்ணே இருக்கீங்க?"

"உன் காலடியிலதான்."

அப்போது அதியனின் அம்மா குளிக்க வந்தாள். சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினாள். சந்தனம் பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை. நனைத்து, வேம்பின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

சந்தனம் மெல்லக் கண்ணைத் திறந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை.

"அடடா, எவ்வளவு அழகான ஊர்! தம்பி, இது எந்த நாடு?"

"என் முதுகுண்ணே" என்றது வேம்பு.